மலைக்காக விட்ட இடைவெளி

சென்ற மாதம் உங்களில் ஒருவர் தாம் வரைந்த குடியிருப்பு ஒன்றின் வரைபடத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். நேர்த்தியான வேலை. இரண்டு தொகுதிகளுக்கு நடுவே, எதுவும் எழுதப்படாமல், ஓர் ஒடுங்கிய இடம் விடப்பட்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"காற்றோட்டத்துக்கு சார்."

அந்தத் திசையிலிருந்து மைசூரில் காற்று வருவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். மீண்டும் கேட்டபோது உண்மையைச் சொன்னார். பின்வீட்டில் ஒரு பழைய மகிழமரம் இருக்கிறதாம். இங்கே கட்டும் வீட்டுக்காரரின் தந்தை மாலை வேளைகளில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அது மறையக்கூடாது என்று அந்த இடத்தை விட்டாராம்.

"வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னீர்களா?"

"சொன்னா அங்க இன்னொரு பாத்ரூம் கேப்பார் சார்," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விடைபெற்ற பின் அன்று மாலை ஓத வேண்டிய பதிகத்தைக்கூட முடிக்க இயலாமல் எழுந்துவிட்டேன். அவர் பொருட்டும், இத்தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோர் பொருட்டும் இதை எழுதுகிறேன்.

நான் வீடுகள் வரைந்திருக்கிறேன், கடைகள் வரைந்திருக்கிறேன், முதியோர் இல்லங்களும் வரைந்திருக்கிறேன். அவற்றுள் பல இன்றும் நிற்கின்றன. ஆனால் என் நினைவில் முதலில் எழுவது நான் கட்டாமல் விட்ட ஓர் இடம். ஒரு கடையின் அகலம் உள்ள இடம். அது இப்போது இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நஞ்சன்கூடு சாலைப் பக்கம் ஊர் விரிந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு முதியோர் இல்லம் கட்டும் பணி எனக்கு வந்தது. கட்டியவர் இரண்டு தலைமுறையாக மைசூரில் வணிகம் செய்யும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். எல்லோரும் அவரை முதலாளி என்றே அழைத்தார்கள். தம் தாயாரின் நினைவாக அதைக் கட்டினார். சாலையை ஒட்டிய முன்மனையும் அவருடையதே. அதைக் காலியாக வைத்துவிட்டு, பின்மனையில் இல்லம் எழும்பியது. முன்னால் தடுப்பு எதுவும் இல்லாததால் கிழக்கே சாமுண்டி மலை முழுவதும் தெரியும். படிகளும், மலைப்பாதையில் அந்தியில் ஏற்றப்படும் விளக்கு வரிசையும் அறைக்குள்ளிருந்தே தெரியும்.

மருத்துவ ஆலோசகர் கட்டில்களை மருத்துவமனை முறையில் போடச் சொன்னார். தலைமாடு மேற்குச் சுவரில், கால்மாடு சாளரத்தை நோக்கி. செவிலியர் இருபுறமும் நின்று பணி செய்யலாம், படுத்தவர் நேராக மலையைப் பார்க்கலாம். ஏட்டளவில் குறையில்லாத யோசனைதான். ஆனால் அம்மன் வீற்றிருக்கும் மலையை நோக்கிக் காலை நீட்டிக்கொண்டு படுப்பதற்கு இந்த ஊரில் யார் இசைவார்கள்? கட்டிலை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். மலை தலைக்குப் பின்னால் போய்விடும். வடக்கே தலை வைக்கவும் ஆகாது. எனவே ஒவ்வோர் அறையிலும் ஒரு கட்டிலைச் சாளரத்தை ஒட்டி, தலை தெற்காக, கால் வடக்காகப் போட்டேன். வலப்பக்கம் ஒருக்களித்தால் மலை தெரியும். அதற்காகச் சாளரத்தின் அடிவிளிம்பைக் கட்டிலின் மட்டத்துக்கு இறக்கினேன். தாழ்ப்பாளையும் படுத்திருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தேன். ஆலோசகருக்கு மனத்தாங்கல். ஆனாலும் அப்படியே கட்டப்பட்டது.

முதல் மாடியின் நடு அறைக்குப் பொன்னாத்தா வந்து சேர்ந்தார். ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்தில் பிறந்தவர். ரயில்வே பட்டறையில் பணியாற்றியவரை மணந்து மைசூருக்கு வந்தவர். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து, சரியாகக் கூடாமல், கட்டிலோடு ஒடுங்கிவிட்டார். எழுந்து நடமாடக்கூடிய மற்றவர்கள் மொட்டைமாடிக்குச் சாய்தளத்தில் ஏறிப் போய்க்கூட மலையைப் பார்ப்பார்கள். அவருக்கு அந்தச் சாளரம் ஒன்றுதான். தமிழ் பேசுபவன் என்பதால் நான் போகும்போதெல்லாம் என்னை அழைத்து அமர்த்திக்கொள்வார்.

"ஏனுங்க இஞ்சினீரு, இந்தச் சன்னலு நீங்க வெச்சதுங்களா?"

"ஆமாம் அம்மா."

"அப்ப நல்லா இருங்க. இங்க சோறு வாயில வெக்க முடியறதில்லீங்க. சாம்பாருல வெல்லத்தக் கொட்டிப்போடறாங்க. இந்தச் சன்னலு ஒண்ணுதான் ருசியா இருக்குது."

விடியற்காலையில் அவர் மலையோடு பேசுவார். ஒருநாள் பனி மூடியிருந்தது. நான் உள்ளே வந்ததைக் கவனியாமல் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "இழுத்துப் போத்திக்கிட்டு இன்னும் தூங்கறயா? நானே எந்திரிச்சாச்சு. ஊரே எந்திரிச்சாச்சு. அவலட்சணமா இருக்குது, எந்திரி தாயி."

இறைவனைத் துயிலெழுப்பும் பாடல்களை நான் இளமை முதல் நாள்தோறும் ஓதி வருகிறேன். ஒலிப் பிழையின்றி ஓதுவேன். அன்று அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன்.

சில ஆண்டுகள் சென்றன. இல்லத்தின் செலவுகளுக்கு நிலையான வருவாய் வேண்டும் என்று முதலாளி முன்மனையில் வணிக வளாகம் கட்ட முடிவு செய்தார். அவரைக் குறை சொல்ல நியாயமில்லை. கடைகளின் வாடகையில்தான் இல்லம் நடக்க வேண்டியிருந்தது. அந்தப் பணியையும் என்னிடமே தந்தார். மறுத்துவிடலாமா என்று எண்ணினேன். நான் மறுத்தால் வேறொருவர் மனையின் இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரை சுவரெழுப்புவார். உள்ளே இருந்தால் ஏதேனும் ஒன்றைக் காக்கலாம் என்று ஏற்றுக்கொண்டேன்.

வளாகத்தை இரு தொகுதிகளாகப் பிரித்தேன். இடையே ஒரு கடையின் அகலத்துக்குத் தரையிலிருந்து வானம் வரை திறந்த இடம். அதன் நேர்க்கோடு பொன்னாத்தாவின் சாளரத்தில் போய் முடியும். மற்ற அறைகளுக்கு மலை மறையும். எழுந்து நடக்க முடியாதவர் அவர் ஒருவர் என்பதால் அந்த ஒரு கோட்டைத் தேர்ந்தேன்.

வரைபடத்தில் அந்த இடத்தில் 'காற்றோட்டத் திறப்பு' என்று எழுதினேன். எனக்குத் தொழில் பழக்கியவரின் வழக்கம் அது. அக்ரஹாரத்தில் ஒரு வீட்டுக்காரர் தம் மாமியாரின் அறைக்குத் தெருச் சாளரம் கூடாது என்று பிடிவாதம் பிடித்தபோது, அடுப்புப் புகை வெளியேற என்று சொல்லி அதை வைத்துக் கொடுத்தவர் அவர். அந்த அம்மையார் இறுதிவரை அந்தச் சாளரத்தில் அமர்ந்து தெருவைப் பார்த்தார். 'கருணைக்காக என்று சொன்னால் பேரம் பேசுவார்கள். காற்றுக்கு என்று சொன்னால் கேட்க மாட்டார்கள்' என்பார். நானும் அதை நம்பினேன். முதலாளி வரைபடத்தைப் பார்த்தார், தலையசைத்தார், கையொப்பமிட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பொன்னாத்தாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

"எனக்கோசரமா ஒரு கடைய விட்டுப்போட்டீங்க? மொதலாளிக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"தெரியாமயே இருக்கட்டுமுங்க. தெரிஞ்சா என்னையவே அங்க உக்காத்தி வெத்தல பாக்கு விக்கச் சொல்லிப்போடுவாரு."

வளாகம் எழுந்தது. சாரம் பிரித்த நாளில் அவர் அறைக்குச் சென்றேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே, கீறிய துணியில் தெரிவதுபோல, மலையுச்சியும் கோயில் கோபுரமும் தெரிந்தன. அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"முன்ன ஊருக்கே காட்டிக்கிட்டு நின்னா. இப்ப எனக்கு மட்டும் கதவு சந்துல எட்டிப் பாக்கறா."

அந்தச் சொல்லைக் கேட்ட நாள்தான் இத்தொழிலில் நான் மகிழ்ந்த நாள். அதற்குமேல் சொல்ல மகிழ்ச்சியான செய்தி எதுவும் இல்லை.

கடைகள் நிறைந்தன. ஒரு புரட்டாசியில், தசராவுக்கு ஊர் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரத்தில், வளாகத்துக் கடைக்காரர்களின் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். கன்னடம் கலந்த தமிழில் உரக்கப் பேசுவார். கையில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டு.

"நோடி சார், நீங்க பெரிய மனசுக்காரர். அவ்வளவு நல்ல இடத்த சும்னே விட்டிருக்கீங்களே, ஏன்னு எங்க யாருக்கும் புரியலே. நம்ம புரோகிதர் வந்து நின்னு பார்த்தார். இங்க நின்னா பின்னால முதியோர் இல்லம், முன்னால மலை. 'இது மனுஷர் விட்ட இடம் இல்லே, தாயி கேட்ட இடம்'ன்னு சொல்லிட்டார். சாமுண்டி தாயிக்குக் குடி கட்டறோம், சின்னக் கோயில். முதலாளியும் சரின்னுட்டார். முதல் கல் உங்க கையால."

தட்டை வாங்கிக் கீழே வைத்தேனா, கையிலேயே வைத்திருந்தேனா என்று நினைவில்லை. அவருடனேயே புறப்பட்டேன்.

இடைவெளியில் செங்கல் அடுக்கப்பட்டிருந்தது. புரோகிதர் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்து நின்றார்கள். எல்லோர் முகத்திலும் பண்டிகைக் களை. அந்த முகங்களுக்கு நடுவில் நின்று, பின்னால் தெரிந்த சாளரத்தைக் காட்டி, அங்கே ஒருவர் படுத்திருக்கிறார், எழ இயலாதவர், இந்த இடத்தின் வழியாகத்தான் மலையைப் பார்க்கிறார் என்று சொன்னேன்.

தலைவர் திரும்பிச் சாளரத்தைப் பார்த்தார். உண்மையாகவே மகிழ்ந்தார். "அட, அந்த அஜ்ஜிக்கு இன்னும் நல்லது தானே சார்! அவ்வளவு தூரத்துல இருந்த தாயி பக்கத்துலயே வந்துட்டா. இறங்கி வந்து பார்க்கட்டும்."

"அவரால் இறங்க முடியாது."

"நாலு பேர் தூக்கிட்டு வரட்டுமே," என்றான் பின்னால் நின்ற ஒரு துணிக்கடைக்காரன்.

யாரோ சிரித்து, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

நான் புரோகிதரிடம் திரும்பினேன். விமானத்தைத் தாழ்த்திக் கட்டலாமா என்று கேட்டேன். இரு பக்கமும் மாடியில் கடைகள் இருக்கின்றன, அம்மன் தலைக்கு மேல் உயரத்தில் ஜனங்கள் நடமாடுவார்கள், விமானம் அவற்றைத் தாண்டித்தான் எழ வேண்டும் என்றார். கர்ப்பகிருகத்தின் பின்சுவரில் ஒரு துவாரமாவது விடலாமா என்று கேட்டேன். அவர் என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். "நீங்க கேக்கலாமா இதை? தேவிக்கு முதுகுப் பக்கம் ஓட்டையா?" என்றார். அவர் கேட்டது சரி. சாத்திரம் எனக்கும் தெரியும்.

அங்கிருந்து முதலாளியிடம் சென்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். காற்றோட்டம் என்று எழுதியது காற்றுக்காக அல்ல என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்," என்றார். "எங்கம்மாவும் இப்படித்தான் படுக்கையில கிடந்து போனாங்க. நான் ஒரு கல்லுல எழுதி அங்க பதிச்சிருப்பேன், இது அந்த அம்மாவோட இடம்னு. ஒருத்தன் கை வெச்சிருக்க மாட்டான்."

"இப்போதும் தாமதமாகவில்லை."

"இப்போ எப்படி? ஒருத்தன் அங்க பீடாக் கடை போட்டிருந்தா நாளைக்கே எடுன்னு சொல்லிடுவேன். அம்மனை எடுன்னு நான் சொல்லணுமா? பதினஞ்சு கடைக்காரன் முன்னாடி?" என் நெற்றியைக் காட்டினார். "நீங்க சொல்லுங்க சார். நெத்தி நிறைய விபூதி இட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. உங்க வாயால சொல்லுங்க, அம்மனுக்கு இந்த இடம் கிடையாதுன்னு. நான் நிறுத்தறேன்."

வாக்கு மாறாதவர் அவர். நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்.

நான் எத்தனையோ ஒப்பந்ததாரர்களோடு, நகராட்சி அலுவலர்களோடு, பணிகளின் நடுவே மனம் மாறிய உடைமையாளர்களோடு வாதிட்டு வென்றிருக்கிறேன். அவர்களுக்கு எதிராகச் சொல்ல எனக்கு அளவும் விதியும் இருந்தன. அன்று எதிரே நின்றது நான் அன்றாடம் வணங்கும் பெயர். அந்தப் பெயருக்கு இடம் மறுக்கும் ஒரு வாக்கியத்தை அமைக்க என் நாவுக்குத் தெரியவில்லை. அந்த வாக்கியம் அறமாகுமா, அபசாரமாகுமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முதலாளி காத்திருந்தார். பிறகு காபி வரவழைத்தார்.

குடமுழுக்குக்கு அழைத்தார்கள், சென்றேன். மாலையிட்டார்கள். கற்பூரம் காட்டியபோது என் கைகள் தாமாகக் குவிந்தன. அழகான திருமேனி. மஞ்சள் பட்டும் செம்பருத்தி மாலையுமாக, கிழக்கே சாலையை நோக்கி, புன்னகையோடு நின்றாள். கண்ணில் நீர் வந்தது. பக்தி மிகுதியால் என்று பக்கத்திலிருந்தவர் எண்ணி என் தோளைத் தொட்டார். கைகளைக் குவித்துவிட்ட பிறகு அந்தக் கட்டடத்துக்கு எதிராக ஒரு சொல் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லாமல் போயிற்று.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். நல்லது ஒன்றைப் பொய்ப் பெயரில் கட்டாதீர்கள். பெயர் இல்லாத வெற்றிடத்தை நம் ஊர்களில் தீயவர்கள் மட்டும் பிடித்துக்கொள்வதில்லை. நல்லவர்கள் நல்ல நோக்கத்தோடு வந்து நிரப்புவார்கள். அவர்களை எதிர்க்க உங்களிடம் ஆயுதம் இருக்காது. மகிழமரத்துக்காக இடம் விட்ட தம்பி, வீட்டுக்காரரிடம் போய் மரத்தைச் சொல்லுங்கள். அவர் மறுக்கலாம், குளியலறையே கேட்கலாம். அப்படியாயின் தோற்றது எதுவென்று உங்களுக்கும் அவருக்கும் தெரிந்திருக்கும். சொன்னால் காப்பாற்றிவிடலாம் என்று நான் உறுதி தரவில்லை. அத்தகைய உறுதி என்னிடம் இல்லை.

குடமுழுக்கு முடிந்து மாலையைக் காரிலேயே வைத்துவிட்டு முதல் மாடிக்குப் போனேன். சாளரம் திறந்திருந்தது. மலை நின்ற இடத்தில் விமானத்தின் பின்புறம். முன்பக்கத்துக்குத்தான் வண்ணம் பூசியிருந்தார்கள். இந்தப் பக்கம் பூசாத சிமெண்டு, ஒரு மின்கம்பி, மழைநீர் வடியும் ஒரு குழாய்.

"வாங்க இஞ்சினீரு. மணிச் சத்தம் கேட்டுதுங்க. அம்மனுக்குக் கோயிலாமா? ஆயா சொன்னா."

"ஆமாம் அம்மா."

"மொகம் எந்தப் பக்கமுங்க?"

"கிழக்கே. ரோட்டுப் பக்கம்."

"அப்ப எனக்கு முதுகு."

அவள் எங்கும் இருப்பவள், கல்லிலும் மலையிலும் மட்டுமா இருக்கிறாள் என்று சொல்ல வாய் திறந்தேன். எத்தனையோ பேருக்குத் துக்க வீடுகளில் நான் சொன்ன ஆறுதல் அது. அந்தச் சாளரத்துக்கு முன்னால் அதைச் சொல்லாமல் விட்டேன். மொட்டைமாடிக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. போன மாசம் துணி மாத்தத் தூக்குனதுக்கே உசுரு போய் வந்துது."

மீண்டும் அந்தச் சிமெண்டுச் சுவரைப் பார்த்தார்.

"அவளப் பாத்துக் கால நீட்டப்படாதுன்னு கட்டலையே திருப்பிப் போட்டுக் குடுத்தீங்க. நானும் இத்தன வருசமா ஒருக்களிச்சே கெடந்தேன், மருவாதிக்கு. அவ முதுகக் காட்டிக்கிட்டு நிக்கறா. அத யாரு கேக்கறது?"

சுவரிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"என்னைய அந்தப் பக்கம் திருப்பி உடச் சொல்லுங்க. சன்னலச் சாத்திப்போட்டுப் போங்க."

ஆயாவை அழைத்தேன். அவரை மெல்ல இடப்பக்கமாகத் திருப்பினாள். மேற்குச் சுவரில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. நான் வரைந்த சுவர் அது, வெறும் வெள்ளை. சாளரத்தைச் சாத்தித் தாழிட்டேன்.

அதன் பிறகும் அவர் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தார். நான் போகும்போதெல்லாம் சாம்பாரைப் பற்றியும் ஆயாவைப் பற்றியும் கேலி பேசுவார். விடியற்காலையில் மட்டும் பேசுவதில்லை என்று ஆயா சொன்னாள். சாளரத்தின் தாழ்ப்பாளைப் படுத்திருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில்தான் வைத்திருந்தேன். அவர் கடைசிவரை அதைத் தொடவில்லை.